வீடும் மீட்பும்

தோற்றுவாய்

மக்கட்பிறவியின் முடிந்த பயன் யாது என்னும் வினாவிற்குச் சமயங்கள் ஒவ்வொன்றும் ஒரு சொல்லால் விடை கூறும். தமிழ் மரபில் அவ்விடையாய் நிற்பது வீடு என்னும் சொல். கிறித்தவத் தமிழில் அவ்விடத்து வந்து நிற்பன இரட்சிப்பு, மீட்பு என்னும் இரண்டு. கிறித்தவர் தம் உய்திக் கொள்கையை மிக எளியதென்பர். தான் உய்தற்குச் செய்யத்தக்கது யாதெனப் பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலன் வினவினான் என்றும், பவுலும் சீலாவும் ஆண்டவராகிய இயேசுவின்மீது நம்பிக்கை வைத்தலே அதற்குப் போதுமென விடையிறுத்தனர் என்றும் அப்போஸ்தலர் வரலாற்றின் பதினாறாம் அதிகாரம் கூறும். வினாவும் குறுகியது, விடையும் குறுகியது. இத்துணை எளிய கொள்கையைத் தமிழில் வழங்க முற்பட்டோர், 1578இல் அச்சேறிய தம்பிரான் வணக்கம் முதல் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு வரை, நான்கு நூற்றாண்டுக்கு மேலாகச் சொல் தேர்ந்தும் மாற்றியும் வந்திருக்கின்றனர். இதற்குக் காரணம் யாது?

சொல்வளக் குறைவு காரணமன்று. தமிழில் வீடு, கதி, உய்தி, ஈடேற்றம், முத்தி, மோட்சம் எனச் சொற்கள் மிக்கே இருந்தன. தடை இலக்கணத்தைச் சார்ந்தது என்பது நம் கருத்து. உய்தி என்னும் வினையைச் செய்பவன் யார், செயப்படுபவன் யார் என்னும் வினாவே அச்சொற்களைப் பிரித்து நிறுத்தியது. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பழனிமலையின் இயைபு

இவ்வாராய்ச்சிக்குப் பழனிமலைத் தொடர் பல்லாற்றானும் இயைபுடையது. 1834இல் தொடங்கப்பெற்ற மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர், சமவெளியின் வெம்மைக்கும் கொள்ளைநோய்க்கும் ஆற்றாது, 1845இல் கொடைக்கானலில் முதல் இரு மனைகளை எழுப்பினர். உயிரின் உய்தியைப் பிறர்க்குரைக்க வந்தவர், தம் உடலின் உய்தி வேண்டி மலையேறினர். சோத்தேரியா என்னும் கிரேக்கச் சொல் உடல்நலம், இடரினின்று தப்புதல், ஆன்ம உய்தி ஆகிய மூன்றையும் குறிப்பது என்பதை ஈண்டு நினைதல் தகும். 1860களில் இயேசு சபையினர் அதே மலையில் சலேத் மாதா கோயிலைக் கட்டினர். 1895இல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். பழைய மதுரை மிஷனைச் சார்ந்த கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் செண்பகனூர் ஆவணக்காப்பகத்தில் தொகுக்கப்பெற்றமை தமிழாராய்ச்சியாளர் நன்கறிந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் செய்த கால்டுவெல், 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உயிர் நீத்ததும் கொடைக்கானலிலேயே. அவருடல் இடையன்குடியில் அடக்கம் செய்யப்பெற்றது. மலையின் வடபால் அடிவாரத்தில் முருகன் உறையும் பழனி. தென்பால் வைகைப் பள்ளத்தாக்கில் ஆகோட் பூசலைக் கூறும் பழைய நடுகல். ஆக, வீடு என்னும் சொல்லும் மீட்பு என்னும் சொல்லும் தத்தம் மரபோடு எதிர்ப்படும் நிலம் இதுவாகும்.

வீடு என்னும் சொல்

வீடு என்பது விடு என்னும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். விடுதல் உயிரின் தொழில். பற்றினை விடுவதும் உயிரே, பிறவியினின்று விடுபடுவதும் உயிரே. திருக்குறட்கு உரை வகுத்த பரிமேலழகர், வீடு சிந்தைக்கும் மொழிக்கும் எட்டாத நிலைமையது ஆகலின் துறவறமாகிய காரணத்தின் வாயிலாகவன்றி அதனைக் கூறலாகாது என்னும் கருத்தினர். வீட்டிற்கு வழி துறவு எனவே, அது நெடியதும் அரியதும் ஆயிற்று. கதி என்பது செல்லுதல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. அதனினும் செல்பவன் உயிரே. உய்தல் என்பதும் தன்வினை. பிறவினையாக்க வேண்டின் உய்வித்தல் எனல் வேண்டும். ஈடேற்றம் என்னும் சொல் ஈடேறுதல், ஈடேற்றுதல் என்னும் இரண்டிற்கும் பொதுவாய் நிற்றலின், செய்வான் யார் என்பதை அது தெளிவுறக் காட்டுவதன்று. ஆயினும் கத்தோலிக்க வழக்கில் ஆத்தும ஈடேற்றம் என்னும் தொடர் நெடுங்காலம் நிலவியது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நொபிலி முதலியோர் மோட்சம் என்னும் சொல்லை ஆண்டனர். அதுவும் விடுபடுதல் என்னும் வேர்ப்பொருள் உடையதே. எனினும் கிறித்தவர் வாய்மொழியில் அது நிகழ்ச்சிப் பெயராய் நில்லாது இடப்பெயராயிற்று. இறந்தபின் நல்லோர் புகும் பேரின்ப நாடே மோட்சம் எனப்பட்டது. இம்மாற்றம் தற்செயலாய் விளைந்ததன்று. விடுதலையை உயிரின் முயற்சியாகக் கூற விரும்பாத கொள்கை, அச்சொல்லின் வினைப்பொருளைக் கழித்து, பெயர்ப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டது என்க.

மீட்டல் என்னும் சொல்

மீள் என்பது தன்வினை. மீட்டல் அதன் பிறவினை. மீண்டான் என்னுமிடத்துத் தானே திரும்பியவன் தோன்றுவான். மீட்டான் என்னுமிடத்து மூவர் தோன்றுவர்: மீட்டவன், மீட்கப்பட்டது, யாரிடமிருந்து மீட்கப்பட்டதோ அவன். மீட்பு என்னும் தொழிற்பெயர் இம்மூவரையும் தன்னுள் அடக்கியது.

இச்சொல்லின் பழைய நிலைக்களம் போர்க்களமாகும். பகைவர் கவர்ந்த ஆநிரையைப் பொருது மீட்டலைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தைத் திணையாக வகுத்துக் கூறும். தொல்காப்பியம் இதனை வெட்சியுள் அடக்கும். நிரை தானே மீள்வதன்று. மீட்பவன் ஒருவன் செல்ல வேண்டும். அவன் பல்கால் உயிர் துறப்பான். ஊரார் அவனுக்குக் கல் நடுவர். பழனிமலைக்குத் தெற்கே, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006இல் கண்டறிந்த நடுகற்களுள் ஒன்று தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆகோள் என்னும் சொல்லைத் தாங்கி நிற்கின்றது. கூடல் என்னும் ஊர்க்கண் நிகழ்ந்த ஆகோளில் வீழ்ந்த வீரன் ஒருவனுக்கு நட்ட கல் அது எனக் கொள்வர். அவன் நிரை கவரச் சென்றவனா, காக்க நின்றவனா என்பதைக் கல் விரித்துரைக்கவில்லை. ஆயினும் தொல்காப்பியமும் புறப்பாடல்களும் கூறும் அவ்வாழ்க்கை ஏட்டளவில் நின்றதன்று, இம்மலையடிவாரத்து மாந்தர் வாழ்ந்த வாழ்க்கையே என்பதற்கு அது சான்றாகும்.

பிற்காலத்தே மீட்டல் போர்க்களத்தினின்று நீங்கி வாணிக வழக்கிற் புகுந்தது. ஒற்றி வைத்த நிலத்தை மீட்டல், அடகு வைத்த நகையை மீட்டல் என்னும் வழக்குகள் இன்றும் உழவர் வாயில் உள்ளன. இங்கும் பொருள் தன்னைத் தானே மீட்டுக்கொள்வதன்று; கடன் இறுப்பவன் வேறொருவன். போர்க்களத்து மீட்பில் விலை உயிர். வாணிக மீட்பில் விலை பணம். கிரேக்க மூலத்து அப்போலூத்ரோசிஸ் என்னும் சொல், அடிமையை விலைகொடுத்து விடுவித்தலைக் குறித்து வழங்கியது. மீட்கும் விலையாகத் தன் உயிரையே கொடுத்தவன் ஒருவன் என்னும் கிறித்தவக் கொள்கைக்கு, நடுகல்லின் பொருளும் ஒற்றிச்சீட்டின் பொருளும் ஒருங்கே அமைந்த மீட்பு என்னும் சொல்லினும் ஏற்றதொரு தமிழ்ச்சொல் காண்டல் அரிது.

இரட்சிப்பு நிலைபெற்ற வரலாறு

அங்ஙனமாயின், சீர்திருத்தச் சபையினர் வழக்கில் இரட்சிப்பு என்னும் வடசொல்லடிப் பெயரே தலைமை பெற்றது எங்ஙனம்? 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சு நிறைவுற்றது. பப்பிரிசியசின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. ஹென்றி பவரின் முதன்மையில் குழுவொன்று திருத்திய விவிலியம் 1871இல் வெளிவந்தது. அக்குழுவில் கால்டுவெல்லும் உறுப்பினராய் இருந்தார்.

ஈண்டு ஒரு முரண் தோன்றுகின்றது. தமிழ் வேண்டுமாயின் வடமொழித் துணையின்றித் தனித்தியங்கவும் தழைக்கவும் வல்லது என்று 1856இல் உலகறியக் கூறியவர் கால்டுவெல். அவர் அமர்ந்த குழுவின் திருப்புதலோ இரட்சிப்பு, விசுவாசம், பரிசுத்தம் முதலிய வடசொற்களால் நிறைந்தது. முரண்போல் தோன்றும் இதன் காரணம் எளிமை என்பதன் இருபொருளே எனலாம். வேர்ச்சொல் விளங்குதல் ஒருவகை எளிமை. செவிக்குப் பழகியிருத்தல் மற்றொருவகை. புலவர்க்கு முன்னது எளிது. ஞாயிறுதோறும் அச்சொல்லைக் கேட்டும் பாடியும் வளர்ந்த பனையேறிக்கும் அவன் மனைக்கும் பின்னதே எளிது. பழகிய சொல்லைப் பறித்தல் நம்பிக்கையையே அசைக்கும் என்று திருத்தக் குழுவினர் அஞ்சுதல் இயல்பு.

அன்றியும் இரட்சித்தல் காத்தல் என்னும் பொருளுடைய செயப்படுபொருள் குன்றாவினை. சிறைக்காவலன் வினா அத்திருப்புதலில் இரட்சிக்கப்படுதல் என்னும் செயப்பாட்டுவினையால் அமைந்தது. கிரேக்க மூலத்தும் செயப்பாட்டுவினையே. ஆகவே சொல் வடசொல்லாயினும் இலக்கணம் கொள்கைக்கு இயைந்தது. அத்திருப்புதல் பொதுவாகக் காப்பினைக் குறிக்க இரட்சிப்பு என்றும், விலைகொடுத்து விடுவித்தலைக் குறிக்க மீட்பு என்றும் வேறுபாடு செய்ததும் அறியத்தக்கது.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்பின் வழிபாடு தாய்மொழிக்கு வந்தமையும் சொல் மாற்றத்திற்கு வாயில் திறந்தன. 1995இன் பொதுமொழிபெயர்ப்பு மீட்பு என்னும் சொல்லையே பெருவழக்காகக் கொண்டது. இதனால் வந்த ஆக்கம் பெரிது. சொல்லின் வேர் தமிழர்க்கு விளங்கிற்று. உடன்வந்த இழப்பும் உண்டு. காப்பு, விலைவிடுதலை என்னும் இருபொருளும் ஒரு சொல்லுள் அடங்கின. மேலும் மீட்படைதல், மீட்புப் பெறுதல் என்னும் தொடர்களில் அடைபவனே எழுவாயாகின்றான். பிறவினை நன்கு தோன்றும் சொல்லைத் தெரிந்தெடுத்துத் தன்வினைத் துணையோடு வழங்குதலால், செய்பவன் பின்னுக்குத் தள்ளப்படுகின்றான். சொல்லைத் தேர்வதோடு மொழிபெயர்ப்பாளர் பணி முடிவதில்லை. அது கொள்ளும் வினைமுடிபும் நோக்கத்தக்கது என்பது இதனாற் பெறப்படும்.

நம்பிக்கை என்னும் சொல்லும் இவ்வாறே ஆராய்தற்குரியது. நம்பு என்பதற்கு நசை, அஃதாவது விருப்பம், எனத் தொல்காப்பிய உரியியல் பொருள் கூறும். உண்மையென அறிவால் ஒப்புதல் பிற்காலப் பொருள். சிறைக்காவலனுக்குக் கூறிய விடையை இப்பழம்பொருள் கொண்டு நோக்கின், அது ஒருவரைச் சார்ந்து விரும்பி நிற்றலாகும். கோட்பாட்டுப் பட்டியல் ஒன்றனுக்கு உடன்படுதல் மட்டுமாயின் எளிமை புலமையாகிவிடும்.

கொடைக்கானல் சார்ந்த மாற்றுரை

வீடு என்னும் சொல்வழியே விவிலியத்தைக் கற்றோரும் உளர். ஈழத்துப் பேரறிஞர் பொன்னம்பலம் இராமநாதன் மத்தேயு நற்செய்திக்கு 1898இலும் யோவான் நற்செய்திக்கு 1902இலும் ஆங்கிலத்தில் விளக்கவுரை வெளியிட்டார். சைவ ஞானநோக்கில் அமைந்த அவ்வுரைகளில், உய்தி என்பது ஆன்மா தன்னுள் இறைவனை உணர்ந்து பற்றறுதலாகப் பொருள்படும். அவ்வுரைகளைப் பதிப்பித்த ஹாரிசன் அம்மையாரே பின்னர் இலீலாவதி இராமநாதன் எனப் பெயர் பெற்று அவர்க்கு வாழ்க்கைத் துணைவியாயினார். கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலை 1936இல் எழுப்பியவரும் அவ்வம்மையாரே. நற்செய்தி நூலினின்று தொடங்கிக் குறிஞ்சிக் கிழவன் கோயிலில் நிறைவெய்திய அவர் பயணம், மொழிபெயர்ப்புச் சொல் எவ்வளவு தொலைவு கொண்டுசெல்ல வல்லது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உய்தியை வீடெனக் கொள்வார்க்கு நற்செய்தி ஞானநூலாகும். மீட்பெனக் கொள்வார்க்கு நடந்ததொரு செயலைக் கூறும் செய்தியாகும்.

இதனால் அருட்கொள்கை தமிழ்ச் சமயங்கட்குப் புறம்பானதெனக் கருதற்க. தென்கலை வைணவர் கூறும் மார்ச்சார நியாயத்தில், குட்டி யாதும் செய்யாதிருப்பத் தாய்ப்பூனை அதனைக் கவ்விச் செல்லும். வடகலையார் கூறும் மர்க்கட நியாயத்தில் குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும். மீட்பு என்னும் சொல்லின் இலக்கணம் பூனைக் குட்டியின் இலக்கணமே. கிறித்தவத்துள்ளும் இவ்வினா எழுந்து, பதினாறாம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபையைப் பிளந்தது. உலகலூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999இல் ஆக்சுபர்க்கில் கூட்டறிக்கை ஒன்றிற் கையெழுத்திட்டபோதுதான் அப்பிணக்கு பெரிதும் தணிந்தது.

சுமையும் வழியும்

வைணவக் குடியிற் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகம் வெளியிட்டார். நூற்பெயரிலேயே ஓர் ஐயம் எழும். உய்தி எளிதிற் கிடைப்பதாயின் யாத்திரை எதற்கு? விடை கதையமைப்பில் உள்ளது. முதுகிற் சுமையோடு புறப்பட்டவனது சுமை சிலுவையின்முன் கழன்று விழுகின்றது. அது நிகழ்வது பயணத்தின் முடிவிலன்று, தொடக்கத்தையடுத்தேயாம். ஏறுதற்கரிய குன்றும் இருட்பள்ளத்தாக்கும் அதன் பின்னரே வருகின்றன. எனவே நடந்து தேய்ந்தமைக்குக் கூலியாக உய்தி வரவில்லை. சுமை நீங்கியவன் நடக்க வல்லவனாயினான்.

பழனிக்குக் காவடி சுமந்து நடப்பாரது மரபை இதனோடு ஒப்புநோக்கலாம். இடும்பன் இரு குன்றுகளைத் தோளிற் சுமந்து வந்து இறக்கிய இடம் பழனி என்பது தலவரலாறு. அன்பர் தாமே உவந்து ஏற்ற சுமை காவடி; அதனைச் சந்நிதியில் இறக்குதல் நேர்த்தியின் நிறைவு. யாத்திரிகனது சுமையோ அவன் விரும்பி ஏற்றதன்று. அதனைத் தானே இறக்கவும் அவனால் இயலவில்லை. ஒன்று அன்பின் சுமை. மற்றொன்று பழியின் சுமை. ஒன்றனை மற்றொன்றன் அளவுகோலால் அளத்தல் ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. இரண்டிலும் இறக்கி வைக்கும் இடம் ஒன்று வேண்டப்படுகின்றது என்பதே ஒப்புமை.

எளிமைக்கு நேர்ந்த சோதனை

எளிய கொள்கை சிக்கல் நிறைந்த சமுதாயத்துள் வந்தபோது சோதிக்கப்பட்டது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென ஆணையிட்டார். தஞ்சைச் சபையாருட் பலரும் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் அதனை எதிர்த்தனர். 1847இல் மதுரை அமெரிக்க மிஷன் சாதியை விட மறுத்த உறுப்பினரை விலக்கி வைத்தது. உய்திக்கு நம்பிக்கை ஒன்றே போதுமாயின் உடனுண்ணல் என்னும் புதுவிலை எதற்கு என வினவுதல் எளிது. அவ்வினாவிற்கு மீட்பு என்னும் சொல்லே விடை தருகின்றது. கரந்தை வீரன் மீட்டது ஊரின் முழு நிரையை. மீண்டு வந்த நிரையுள் உயர்ந்தது தாழ்ந்தது எனத் தனித்தொழுவம் கேட்பதற்கு இடமில்லை. ஒரே விலையால் மீட்கப்பட்டோம் என ஒப்புவார், உடனமர்ந்துண்ண மறுப்பராயின், அவ்விலையையே மறுப்பவராவர். உடனுண்ணல் மீட்பின் விலையன்று, மீட்கப்பட்டமையின் அடையாளம்.

ஆயினும் இவ்வளவுகோல் அதனைப் பிடித்தவர்மீதும் பாயும். சாதி ஒழிக்கச் சொன்ன துரைமாரும் அவர்தம் குடும்பத்தாரும் மலையேறியது கூலியாட்கள் தோள்மீது சுமந்த டோலிகளில். சுமை நீக்கத்தைப் பறைசாற்றியோர் ஏழையர் தோளிற் சுமையாய் அமர்ந்தனர். சொல்லளவில் எளிதாகிய மீட்பு வாழ்வளவில் எளிதன்று என்பதற்கு இச்செங்குத்து வழியே சான்று. அண்மைக்காலம்வரை கல்லறைத் தோட்டங்களிலும் சாதிச்சுவர் நின்றதைத் தமிழகம் அறியும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, வீடு என்பதனை விட்டு இரட்சிப்பு, மீட்பு என்பவற்றைக் கிறித்தவத் தமிழ் தழுவியது வெறும் சொல்விருப்பத்தால் அன்று. உய்தியில் உயிர் எழுவாயன்று, செயப்படுபொருள் என்னும் கொள்கையால் ஆகும். இரண்டு, அக்கொள்கையின் எளிமை இவ்விலக்கணத்தில் தங்கியுள்ளது. மீட்கப்படுவோன் செய்யத்தக்கது மீட்பவனை நம்புதல், பழம்பொருளில் நச்சி நிற்றல் ஒன்றே. மூன்று, மீட்பு வந்தேறிச் சொல்லன்று. கரந்தைத் திணையிலும் ஒற்றிச்சீட்டிலும் பயின்ற சொல்லே, பொருள் விரிந்து, கோயில் மொழியாயிற்று.

கிறித்தவத் தமிழை மொழிபெயர்ப்பு நடையெனப் புறந்தள்ளுவோர் உளர். ஒரு சொல்லின் பின்னே இத்துணை மரபும் பூசலும் உழைப்பும் அடங்கியிருத்தலைக் காணின் அக்கருத்து மாறும். விசுவாசம், கிருபை, நீதி முதலிய ஏனைச் சொற்களையும் ஐந்து நூற்றாண்டு ஏடுகளைக் கொண்டு இம்முறையே ஆராயின், தமிழ்ச் சொற்பொருள் வரலாற்றிற்கு அரிய பகுதியொன்று கிடைக்கும். அப்பணியை முதுகலை மாணவர் மேற்கொள்வாராக.